கண்ணாத்தீவில் உப்பு மிதித்த நாள்

சென்ற மாதம் உப்பு இலாகாக் கந்தோரில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். வயது வருவதற்கு முன்னமே முழங்கால்கள் மறுத்துவிட்டதால் பென்ஷன் கேட்டு எழுதிக் கொடுத்தவன் நான். மாலை போட்டு, பால் விடாத பிளேன்டியும் வடையும் தந்து, ஏதாவது பேசுங்கள் என்றார்கள். நான் எழும்புவதற்குள் புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியன் எழும்பிவிட்டான்.

"சேர், அந்தக் காலத்துல தீவு ஆக்களே வந்து கவர்மென்டுக்காக உப்ப மிதிச்சு அழிச்சுக் குடுப்பாங்களாமே, மெய்யா? அவ்வளவு நல்ல சனமா இருந்திச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாயை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதை என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று. பொடியன் கேட்டது மெய். மிதித்தார்கள். ஆனால் அது முதன்முதலில் எங்கே, எப்படி நடந்தது என்பது உதிர்ந்துபோய், மிச்சம் மட்டும் ஒரு பெருமைக் கதையாகக் கந்தோர் கந்தோராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை அந்த உயரத்திலிருந்து இறக்கிவைக்க இங்கே நான் ஒருவன்தான் மிச்சம்.

இப்போது சேர்ந்தவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். நீங்கள் உப்பை விளைவிக்கச் சம்பளம் வாங்குகிறீர்கள். நான் அழிக்கச் சம்பளம் வாங்கியவன். வெள்ளைக்காரனின் கொடி பறந்த காலத்தில் உப்பு அரசாங்கத்தின் தனிச்சொத்து. உப்பளத்தில் விளைவது மாத்திரமா? வெயிலும் கடல் புகுந்த களப்பும் தமக்குள் கதைத்துப் பேசி, ஆளில்லாத ஒரு தீவின் பள்ளத்தில் தாமாகவே உப்பை விளைவித்தாலும் அதுவும் அரசாங்கத்துடையது. அள்ளினால் மறியல், கம்பி எண்ண வேண்டும். அள்ளாமல் கிடந்தாலும் ஒரு நாள் யாராவது அள்ளக்கூடும். ஆகவே அழித்துவிட வேண்டும். உப்புக் காவலாள் என்ற அந்த வேலைக்குக் காக்கிச் சட்டையும் பித்தளை வில்லை வைத்த இடுப்புவாரும் தந்தார்கள். தில்லையடியில் எங்கள் வாசலில் உம்மா அந்த வில்லையைப் புளி போட்டுத் தேய்த்து மினுக்கினார். மகன் அரசாங்கத்து ஆள்.

பயிற்சி என்று பெரிதாக எதுவுமில்லை. புத்தளம் அளத்தில் இரண்டு கோடை. பாத்தித் தண்ணீர் பச்சையிலிருந்து சிவந்து, சிவப்பிலிருந்து வெளுத்து, ஒரு விடியலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வெள்ளையில் எனக்கு ஒரு காதல் உண்டாகிவிட்டது. அதன் பிறகு என்னைத் தீவுகளுக்கு அனுப்பினார்கள்.

அழிப்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் பள்ளத்தைச் சுற்றி நடந்து எல்லை பார்க்க வேண்டும். பிறகு நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் மேலோட்டை உடைக்க வேண்டும். பொரித்த அப்பளம் உடைவதுபோல் அது உடையும். அதன் பிறகு உள்ளே இறங்கி மிதிக்க வேண்டும், வெறுங்காலோடு. சப்பாத்துக் காலுக்கு உப்பு நொறுங்கும், சேற்றோடு சேராது. குதிக்காலால் அமுக்கி, விரல்களால் கிளறி, அடியில் உறங்கும் கறுப்புச் சேற்றை மேலே எழுப்பி, அது வெள்ளையைத் தின்று தீர்க்கும்வரை மிதிக்க வேண்டும். கடைசியாக மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிக் களப்புத் தண்ணீரை உள்ளே விடுவது. தண்ணீர் ஏறி எல்லாவற்றையும் கரைத்து முடிக்கும்வரை காவலாள் இடத்தை விட்டு நகரக் கூடாது.

எங்களுக்கு மேலே இன்ஸ்பெக்டர் சிவகுரு ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை டுவில் கோட்டு, கறுப்புக் குடை, நெற்றியில் மங்காத திருநீறு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கட்டளை இடவும் மாட்டார், கேட்பார். "அதைச் செய்தால் நல்லதுதானே, காணும்?" அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்ன ஆளை நான் கண்டதில்லை. அதட்டுகிற மேலதிகாரியிடம் மனத்துக்குள்ளாவது எதிர்த்து நிற்கலாம். இவர் குடையைச் சாய்த்து எனக்கும் பாதி நிழல் தந்துவிட்டுக் கேட்பார்.

இன்னொரு பழக்கம் அவருக்கு. எங்கே உப்பைக் கண்டாலும் சின்ன விரலால் ஒரு பொட்டுத் தொட்டு நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். பிறகு விலகிப் போய்க் களப்பில் துப்பிவிட்டு வருவார். ஒரு தடவை கேட்டுவிட்டேன், ஏன் ஐயா துப்புகிறீர்கள் என்று.

"விழுங்கினால் களவல்லோ, காணும்."

சிரிக்கவில்லை அவர். அது பகிடியா மெய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கண்ணாத்தீவு களப்பின் வட பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு கிடந்த ஒரு மணல்திட்டு. ஒரு பக்கம் கண்ணா மரங்கள். சேற்றுக்கு மேலே வேரைத் தூக்கிக்கொண்டு, நனைய விரும்பாத பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்ததுபோல் நிற்கும். மறுபக்கம் கிடுகுக் குடிசைகள், விரல்விட்டு எண்ணலாம். அந்தோனியாருக்குச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு சின்னக் கோயில். பங்குச் சாமி வருஷத்துக்கொரு முறை வருவார். மணலைத் தோண்டினால் கொஞ்ச நேரம் நல்ல தண்ணீர் ஊறும், பிறகு அதுவும் கரிக்கும். நாய் குரைத்தால் எந்த நாய், எதற்குக் குரைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் அவ்வளவு குறைவாக இருந்ததால் அங்கே ஒரு வழக்கம் இறுகிப்போயிருந்தது. கரையில் ஒருவர் வள்ளம் இழுத்தால் கண்டவர் எவரும் கை கொடுக்க வேண்டும். யாருடைய வள்ளம், அவரோடு சண்டையா சமாதானமா என்று யோசிப்பதற்கு இடமில்லை. இழுத்து வைத்துவிட்டுச் சண்டையைத் தொடரலாம்.

நான் போனது ஆடிக் கடைசியில். உலகச் சண்டை முடியப்போகிறது என்று ஊரெல்லாம் கதை. அரிசி கூப்பனுக்குத்தான், அதுவும் தீவுகளுக்குக் கடைசியாகத்தான் போகும். நோன்பு மாதமும் அதே வெயிலில் வந்து விழுந்திருந்தது. தோணிக்காரர் என்னை இறக்கிவிட்டுப் போன பின்னேரம், குடிசைகளுக்குப் பின்னால் பள்ளம் நிறைய உப்பு. அளத்தில்கூட அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. கரையில் அதைவிடப் பெரிய வெளிச்சம்: மணலை மீன். அன்று விடியற்காலை கூட்டமாக வந்து வலையில் ஏறிய மீன், ஓலைப் பாய்களில் குவியல் குவியலாக. பெண்கள் குந்தியிருந்து முதுகு கீறிக் குடல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

மீன் வெட்டிக் காயவைக்கும் வேலைக்கெல்லாம் அங்கே தலை மதலேனாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். கத்தியைக் கீழே வைக்காமலே கதைத்தாள்.

"உப்பு வள்ளம் வரேல்ல தம்பி. எங்களுக்கெண்டு எழுதின உப்பு கற்பிட்டியில கொட்டில்ல கிடக்குது. இந்தக் கச்சான் காத்து ஓய்ஞ்சு விழுந்தாத்தான் பாரம் ஏத்தின வள்ளம் களப்பத் தாண்டும்."

"எப்ப விழும்?"

"அத அந்தோனியாரிட்டக் கேக்கோணும்." இதைச் சொன்னது அவளுடைய புருஷன் சவிரியான். வலையைக் கட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

மதலேனாள் எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னாள். "இந்த மீனுக்கு உப்புப் பட்டாத்தான் எங்களுக்கு மாரி. கருவாட்டக் குடுத்துத்தான் மழை மாசத்துக்கு அரிசி எடுக்கிறது. இது நாறினா இந்தத் தீவில அடுப்பெரியாது, எல்லாரும் எழும்பிப் போகவேண்டியதுதான். ஒரு கதை சொல்லுறன், கேளுங்க. பள்ளத்தில கிடக்கிறத நீங்களே உங்கட கையால அள்ளித் தாங்க. வள்ளம் வந்த உடன அதே அளவ அந்தப் பள்ளத்தில திருப்பிக் கொட்டிவிடுறம். பிறகு நீங்க ஆறுதலா, அவசரமில்லாம மிதியுங்க."

அதைவிட நியாயமான ஒரு யோசனையை என் உத்தியோக காலம் முழுக்க நான் கேட்டதில்லை.

"இன்ஸ்பெக்டர் ஐயா நாளைக்குப் பின்னேரம் வருவார், அக்கா. அதுக்குள்ள பள்ளம் கறுத்திருக்கணும்."

"ஓம்," என்றாள். "உங்கட சாப்பாடு அது."

குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஏன் அள்ளிக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். முந்திய கோடையில் மதலேனாளின் தம்பி அந்தப் பள்ளத்தில் ஒரு பெட்டி உப்பு அள்ளிப் பிடிபட்டுப் புத்தளத்தில் மறியலில் இருந்தவன். திரும்பி வந்த பிறகு அவன் யாரோடும் கதைப்பதில்லை. கண்ணா மரங்களின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இருப்பான். அவனைப் பார்த்த பிறகு அந்த வெள்ளைக்கு ஒரு கையும் நீளவில்லை.

மறுநாள் காலையில் இறங்கினேன். கீழே உப்பு கண்ணாடிச் சில்லாக நின்றது. கொஞ்ச நேரத்தில் பாதம் கீறி, கீறிய இடத்தில் உப்பு ஏறி, வலி குதிக்காலிலிருந்து பல்லுக்கு வந்துவிட்டது. நோன்பு. எச்சிலும் இல்லை. கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. பள்ளம் குறையவே இல்லை. நான் கறுப்பாக்கிய இடம் அந்த வெள்ளையில் ஒரு மச்சம்போல் இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறும்போது கால் மடிந்து குந்திவிட்டேன். எழும்பினேன். திரும்பவும் விழுந்தேன்.

அப்போது சேற்றில் இன்னொரு காலின் சத்தம்.

"எழும்புங்க தம்பி." மதலேனாள் சீலையை முழங்காலுக்கு மேலே சொருகியிருந்தாள். பின்னால் மற்றப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் சவிரியான். "தனிய வள்ளம் இழுக்கிற ஆளப் பாத்துக்கொண்டு நிழல்ல இருக்க எங்களுக்கு ஏலாது. அதுவும் நோன்போட."

"அக்கா, இது வள்ளமில்ல."

"தெரியும். உப்பு. சும்மா கதைக்காம அங்கால தள்ளுங்க."

வேண்டாம் என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் வறண்ட நாக்கால். அவர்கள் மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு வள்ளம் இழுக்கிறபோது வருகிற அந்தப் பகிடி தானாக வந்துவிட்டது.

"மெதுவா மிதி மச்சாள், வெள்ளைக்கார ராசாவுக்கு நோகும்," என்றாள் ஒருத்தி.

"இவர் இத முடிச்சிட்டுக் கடலையும் மிதிக்க வருவார், பாருங்க," என்றான் சவிரியான். "அதுக்குள்ளயும் உப்புக் கிடக்காம், ஆரோ சொல்லிக்குடுத்திட்டாங்க."

சிரித்தார்கள். தங்கள் மாரியைத் தங்கள் காலாலேயே மிதித்துக்கொண்டு, எனக்காகச் சிரித்தார்கள். பல கால்கள் சேறு பிசையும் அந்தச் சத்தம் கேட்டதும் என் உடம்பு முந்திக்கொண்டு நன்றி சொல்லிவிட்டது. மனம் பின்னால் வந்து சேர்ந்தபோது பாதிப் பள்ளம் கறுத்திருந்தது. தாகமெடுத்தவர்கள் என் கண்ணில் படாமல் குடிசைகளுக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். கரையில் ஈரக் கண்ணா இலை போட்டு மூடிய மீனிலிருந்து முதல் நாற்றம் காற்றில் ஏறி வந்தபோது எல்லோருக்கும் மூக்கு ஒரு நொடி நிமிர்ந்தது. ஒருவரும் காலை நிறுத்தவில்லை. தொட்ட வேலையைப் பாதியில் விடக் கூடாது.

பின்னேரம் கந்தோர் மோட்டார் வள்ளத்தில் ஐயா வந்தார். குடையோடு பள்ளத்தைச் சுற்றி நடந்தார். சேற்றில் விரல் வைத்து நாக்கில் தொட்டார். விலகிப் போய்த் துப்பினார். வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு வடிவாய் மிதிச்ச பள்ளம் நான் காணேல்லை, காணும்," என்றார். பிறகு பெண்களின் கால்களைப் பார்த்தார். முழங்கால்வரை காய்ந்த கறுப்புச் சேறு. என்னைப் பார்த்தார்.

"ஊராக்கள் கூட நின்டாங்க, ஐயா. நான் கூப்பிடல்ல."

மதலேனாள் முன்னுக்கு வந்தாள். "ஐயா, மோட்டரில வரக்க எங்கட உப்பில ஒரு மூடை ஏத்திக்கொண்டு வந்திருக்கலாமே? மோட்டருக்குக் காத்துப் பயமில்லத்தானே?"

சிவகுரு ஐயா யோசித்தார். மெய்யாகவே யோசித்தார், நெற்றியில் திருநீறு சுருங்கியது. "அது பண்டகசாலைப் பகுதி, பிள்ளை," என்றார். "எனக்கு அழிக்கிறதுக்கு மட்டுந்தான் அதிகாரம்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் துக்கம் இருந்தது. அந்தத் துக்கத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். ஏறும் முன் என் பக்கம் குனிந்து, "நல்ல சனம், காணும்," என்றார்.

தண்ணீர் கரைத்து முடிக்கும்வரை நான் நிற்க வேண்டும். நின்றேன். சூரியன் கண்ணா மரங்களுக்குள் இறங்கியதும் மதலேனாள் மூடிய சிரட்டையில் கஞ்சி கொண்டுவந்தாள். கூப்பன் அரிசி. எந்தக் குடிசையில் எவ்வளவு வழித்தெடுத்தார்களோ.

"கோபிக்காதீங்க தம்பி, உப்பில்ல. நாங்க கடல் தண்ணி ஊத்திக் குடிச்சிடுவம், அது கைக்கும். நோன்பு திறக்கிற ஆளுக்கு அத எப்பிடிக் குடுக்கிறது?"

பிஸ்மி சொல்லிக் குடித்தேன். வெறும் சோற்று மணம். என் கால்களில், உடுப்பில், உதட்டில் எங்கும் உப்பு. அந்தச் சிரட்டையில் மட்டும் இல்லை. அதைக் குடித்து முடிக்கும்வரை அவள் மரியாதைக்காக மறுபக்கம் திரும்பி நின்றாள். கரையில் ஆண்கள் மணலைத் தோண்டத் தொடங்கியிருந்தார்கள், மீனைப் புதைப்பதற்கு. காற்று அந்த நாற்றத்தை என் பக்கம் கொண்டுவரவில்லை என்பதற்காக அந்த நேரம் நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கச்சான் விழுந்தது, எல்லாம் முடிந்த பிறகு. உப்பு வள்ளம் வந்து தங்களுக்கென்று எழுதிய உப்பை இறக்கியபோது, அதைத் தடவி வைக்க அவர்களிடம் ஒரு மீன்கூட இல்லை என்று தோணிக்காரர் சொன்னார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களிடம் வந்து சேர்ந்த கதை. ஐயா அடுத்த கந்தோர்க் கூட்டத்தில் எழும்பி, கண்ணாத்தீவு மக்களின் ஒத்துழைப்பை மனமார மெச்சினார். வஞ்சகமில்லாத மெச்சல். என்னையும் எழும்பி நிற்கச் சொன்னார், கைதட்டினார்கள். அடுத்த கோடையில் தீவுகளுக்குப் புறப்பட்ட ஒவ்வொரு காவலாளிடமும் குடையைச் சாய்த்துக் கேட்டார்: "ஊராக்களையும் கூப்பிட்டால் நல்லதுதானே, காணும்? கண்ணாத்தீவில வந்தவையல்லோ." கூப்பிட்டோம். இடுப்புவாரோடு ஒருவன் பள்ளத்தின் விளிம்பில் நின்று கூப்பிட்டால் வராமல் என்ன செய்வார்கள்? வந்தார்கள். தலையைக் குனிந்து மிதித்தார்கள். அந்தப் பள்ளங்களில் பகிடி எதுவும் நான் கேட்கவில்லை. ஒரு நாள் ஒரு நோன்பாளி விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்த காரியம், எங்கள் வேலைமுறையாகிவிட்டது. கொடி மாறி, சட்டம் தளர்ந்து, அந்த வேலையே இல்லாமல் போனது பின்னால். அதுவரை எத்தனை ஊர்க் கால்கள் அந்தக் கைதட்டலுக்குள் இறங்கின என்று எனக்குத் தெரியாது.

கண்ணாத்தீவு அந்த மாரியோடு காலியாயிற்று. சிலர் சிலாபம் பக்கம் போனார்கள், மற்றவர்கள் கண்டக்குழிக்கு.

சில வருஷம் கழித்து என்னைக் கற்பிட்டிப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள், உப்பு அளந்து கொடுக்க. ஒரு காலை வரிசையில் மதலேனாள் நின்றாள். மெலிந்திருந்தாள். நான் முகத்தைக் குனிந்துகொண்டேன், அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"தம்பி, நீங்களோ?" பின்னால் நின்ற பெண்களிடம் திரும்பினாள். முகமெல்லாம் பெருமை. "இவர்தான்டி. நோன்போட எங்கட பள்ளத்தில விழுந்து எழும்பினவர். நாங்க எல்லாரும் இறங்கிக் கூட மிதிச்சம்."

அந்தப் பெண்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள்.

"தீவில இப்ப யாரக்கா?" என்றேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"அந்தோனியார் மட்டும் நிக்கிறார். அவருக்கென்ன, அவர் சாப்பிடுறதில்லத்தானே." சிரித்தாள். பிறகு மேசையருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "உங்களக் கண்டா ஒண்டு கேக்கோணும் எண்டு கனநாளா நினைச்சிருந்தன். அண்டைக்கு நோன்பு திறக்க உப்பில்லாத கஞ்சியக் குடுத்திட்டம். எனக்கு இன்னும் வெக்கமாக் கிடக்குது தம்பி. ஊர் பேர் கெட்டமாதிரி. நீங்க அத மனசில வச்சிருக்கேல்லயே?"

என் கையில் அளவுக் கொத்து இருந்தது, நிறைய உப்போடு. அவளிடம் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. எதைச் சொன்னாலும் அவள் என்னைத்தான் தேற்றப் போகிறாள் என்பதும் தெரிந்தது.

"இல்ல அக்கா," என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். பாரம் இறங்கிய ஆள்போல, பையின் வாயை இரண்டு கையாலும் விரித்து எனக்கு முன்னால் பிடித்தாள்.